இரவில் மட்டும் ரிலே விழும் ஆழ்துளை மோட்டார்: ஆம்பியரை விடிய விடியப் பதிவு செய்ய எந்த லாகர்?

தோப்புக்காரன்

பொள்ளாச்சிக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றில் 7.5 குதிரைத்திறன் மும்முனை நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் டி.ஓ.எல். வகை, அதாவது முழு மின்னழுத்தத்தையும் நேராக மோட்டாருக்குக் கொடுப்பது. பெயர்ப்பலகையில் 14 ஆம்பியர் என்று இருக்கிறது, மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயையும் 14இல்தான் வைத்திருக்கிறோம்.

பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. இரவில் சொட்டுநீருக்கு ஓட்டினால், நடுவில் ரிலே விழுந்து மோட்டார் நின்றுவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாதித் தோப்பு காய்ந்து கிடக்கிறது. எலக்ட்ரீஷியன் பகலில் வந்து டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தார். மூன்று முனையிலும் 12.6, 12.7 என்றுதான் காட்டியது. மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்தும் பார்த்தார், அதுவும் நன்றாகவே இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் மோட்டாரை மேலே தூக்கச் சொல்கிறார்கள். அறுநூறு அடிக் குழாயைக் கழற்றி ஏற்றி இறக்குவதற்கு ஆகும் கூலி உங்களுக்குத் தெரியும்.

தூக்குவதற்கு முன், இரவு முழுவதும் ஆம்பியர் எப்படிப் போகிறது என்று பதிவு செய்து பார்க்க விரும்புகிறேன். கையடக்க டேட்டா லாகர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எத்தனை ஆம்பியர் கிளாம்ப் வாங்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பதிய வைக்க வேண்டும்? ஒரு முனையில் மாட்டினால் போதுமா?

காயில்கட்டு

வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். லாகர் ஆம்பியரைக் காட்டும், சுருளின் உடல்நிலையைக் காட்டாது. மெகர் நன்றாக இருந்தும் ஓடிச் சூடானபின் காப்புக் கெட்டுச் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும் மோட்டார்கள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. குளிர்ந்த நிலையில் எடுத்த மெகர் அதைச் சொல்லாது. தாமதித்தால் சுருள் முழுவதும் கருகும். அப்போது செலவு இருமடங்கு. கருவிக்குப் போடும் பணத்தை மோட்டாருக்குப் போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பஞ்சாலை ஃபோர்மேன்

தம்பி, பதியாமல் தூக்காதீர்கள்.

டாங் டெஸ்டர் பார்ப்பது ஒரு கணத்தை. உங்கள் கோளாறோ வருவதற்குச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரீஷியன் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகும் நேரத்தில் அது பிறந்திருக்கவே இல்லை. அவருடைய அளவிலும் கருவியிலும் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை, அவர் பார்த்த நேரம்தான் பொருந்தவில்லை.

நான் வேலை பார்த்த கோவை ஆலையில் காகிதச் சுருளில் மைப்பேனா கோடு போடும் பழைய பதிவுக்கருவி ஒன்று இருந்தது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமுக்கு அதை மாட்டினால், நூல் கண்டு பருக்கப் பருக்க ஆம்பியர் மெல்ல ஏறும், நிறைந்த கண்டுகளைக் கழற்றி டாஃப் எடுத்ததும் இறங்கும். அந்தச் சாய்வு மாறினால் ஸ்பிண்டில் பக்கம் இறுக்கமா, டேப் தளர்வா என்று தேடப் போவோம். ஒற்றை எண்ணை வைத்து நாங்கள் யாரும் முடிவெடுத்ததில்லை, கோட்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் பேசுவோம்.

காயில்கட்டு சொல்வது நடக்கக்கூடியதுதான். சுற்றுக்குச் சுற்று ஒட்டினால் அந்த முனையின் ஆம்பியர் மற்ற இரண்டையும் விட்டுத் தெளிவாகப் பிரிந்து ஏறும். பதிவில் அது மறைய வழியில்லை. ஆகவே அவர் சொல்வதைச் சோதிப்பதற்கே பதிவு தேவைப்படுகிறது.

ஒரு கேள்வி: பகலில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள், இரவில் எவ்வளவு நேரம்?

தோப்புக்காரன்

ஐயா, பகலில் தொட்டி நிரம்பும்வரை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் போட்டால் ஐந்து மணி நேரமாவது ஓட வேண்டும். ரிலே எப்போது விழுகிறது என்று சரியாகத் தெரியவில்லை. தோப்பு ஈரமான அளவைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும் என்று கணிக்கிறேன்.

பஞ்சாலை ஃபோர்மேன்

அப்படியானால் இரவு என்பதைவிட இரண்டாவது மணி நேரம் என்பதே உங்கள் துப்பு. பகலில் அவ்வளவு நேரம் ஓட்டினாலும் விழும் என்று நினைக்கிறேன்.

மின்தணிக்கை

ஆலைகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் ஆற்றல் தணிக்கை செய்பவள் நான். கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.

கிளாம்ப்: ஓடும் மின்னோட்டம் 13 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 50 ஆம்பியர் கிளாம்ப் எடுங்கள். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து 600 ஆம்பியர் கிளாம்ப்பை மாட்டுகிறார்கள். அதன் அளவெல்லையில் 13 ஆம்பியர் என்பது அடிமட்டம், அங்கே துல்லியம் கெட்டுவிடும். கையில் பெரிய கிளாம்ப்தான் இருக்கிறது என்றால், கம்பியை அதன் வாய்க்குள் மூன்று சுற்றுச் சுற்றி, வரும் அளவை மூன்றால் வகுத்துக்கொள்ளலாம். மோட்டார் புறப்படும்போது ஆறு மடங்கு வரை, அதாவது 80 ஆம்பியருக்கு மேல் பாயும். அது ஒரு நொடிக்குள் அடங்கிவிடுவதால் 50 ஆம்பியர் கிளாம்ப்புக்குச் சேதம் வராது, அந்தக் கணத்தின் அளவு மட்டும் சரியாக இருக்காது. உங்கள் சிக்கலுக்கு அது தேவையும் இல்லை.

இடைவெளி: ஒரு நிமிடம். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில லாகர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து அந்தக் கணத்தின் அளவை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கிவிடும். இடையில் இருந்த 59 நொடிகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வேறு சில, நொடிக்கு நொடி அளந்து, நிமிட முடிவில் சராசரி, உச்சம், அடிமட்டம் ஆகிய மூன்றையும் எழுதும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது வகையாக இருந்தால் நிமிட இடைவெளி தாராளமாகப் போதும். முதல் வகை என்றால் ஐந்து நொடிக்கு ஒருமுறை வையுங்கள், அப்போது ஒரு நாளைக்கு ஒரு முனைக்கு 17,280 பதிவுகள் சேரும். இன்றைய கருவிகளின் நினைவகத்துக்கு அது பாரமில்லை.

ஒரு முனை போதாது. மூன்று முனையிலும் மாட்டுங்கள். லாகரில் நான்காவது வழி (சேனல்) இருந்தால் மின்னழுத்தத்தையும் பதியுங்கள். மூன்று கோடுகளும் சேர்ந்து மெல்ல ஏறினால் மின்னழுத்தம் இறங்குகிறது, அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது என்று பொருள். மூன்றும் சேர்ந்து இறங்கினால் பம்பு தூக்கும் தண்ணீர் குறைகிறது. ஒன்று பூஜ்யத்துக்கு விழுந்து மற்ற இரண்டும் பாய்ந்து ஏறினால் ஒரு முனை போய்விட்டது. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்லப் பிரிந்தால் எங்கோ ஓர் இணைப்பிலோ சுருளிலோ குறை. ஒற்றைக் கிளாம்ப்பை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

மாட்டும் இடம், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பிகள். ஒரு கிளாம்ப்புக்குள் ஒரே ஒரு கம்பிதான் போக வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம்தான் வரும், வருகிற மிச்சம் மண்ணுக்குக் கசியும் மின்னோட்டம். கிளாம்ப்பின் வாய் முழுதாக மூடியிருக்கிறதா, முகப்பில் தூசி இல்லையா என்று பாருங்கள். வாய் இம்மி திறந்திருந்தாலும் அளவு குறைந்து காட்டும்.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்தபின் எலக்ட்ரீஷியனே மாட்ட வேண்டும். மின்வாரியம் முத்திரையிட்ட மீட்டர் பெட்டியின் பக்கம் போக வேண்டாம்.

சுற்றுப்பலகை

விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சந்தையில் கிடைக்கும் எஸ்.சி.டி. 013 வகைப் பிளவு சி.டி. (கம்பியைச் சுற்றி மூடும் மின்னோட்ட மாற்றி) மூன்று, அளவை எண்ணாக மாற்றும் ஏ.டி.எஸ். 1115 சில்லு ஒன்று, சிறிய மைக்ரோ கன்ட்ரோலர் பலகை, நினைவட்டை. இவ்வளவுதான் தேவை. அந்த சி.டி. 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும். 33 ஓம் மின்தடையைக் குறுக்கே போட்டால் 13 ஆம்பியருக்கு 0.21 வோல்ட் கிடைக்கும். நானே இப்படி ஒன்றைச் செய்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மின்தணிக்கை

@சுற்றுப்பலகை, கற்றுக்கொள்ள மிக நல்ல வழி. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு நானும் பரிந்துரைப்பேன். இந்த வேலைக்குத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. ஏ.டி.எஸ். 1115 நொடிக்கு அதிகபட்சம் 860 முறை அளக்கும். மூன்று முனைக்கும் மாறி மாறி அளந்தால் முனைக்கு 286 தேறும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு ஆறு புள்ளிகூட வராது. பல நொடிக்குச் சராசரி எடுத்தால் சமாளிக்கலாம், அதற்கேற்ப நிரல் எழுத வேண்டும். சி.டி. தருவது மாறுமின்னோட்டம் என்பதால் எதிர்மறைப் பக்கம் சில்லுக்குள் போகாதபடி நடுமின்னழுத்தமும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, 415 வோல்ட் பெட்டிக்குள் திறந்த பலகையை வைப்பது கூடாது. மின்காப்பு மதிப்பு, அதாவது கேட் 3 600 வோல்ட் என்று எழுதியிருக்கும் கிளாம்ப்தான் அங்கே போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சி.டி. ஜாக்கைக் கழற்றினால் பெரிய ஆபத்தில்லை, உள்ளே காப்பு டயோடு இருக்கிறது. ஆனால் ஆலைப் பலகைகளில் இருக்கும் 5 ஆம்பியர் சி.டி.யின் வெளியீட்டைச் சுமையில் இருக்கும்போது ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். இதைப் படித்துவிட்டு யாரேனும் அந்த சி.டி.யில் லாகரை இணைக்கப் போகலாம் என்பதால் எழுதுகிறேன்.

வட்டக்கச்சித் தோட்டம்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் சூரியப் பலகையில் ஓடும் நேர்மின்னோட்டப் பம்பு இருக்கிறது. முகில் போகும்போது நீர் எப்படிக் குறைகிறது என்று பதிய விரும்புகிறேன். நீங்கள் சொல்லும் கிளாம்ப் இதற்கும் பொருந்துமா?

மின்தணிக்கை

@வட்டக்கச்சித் தோட்டம், பொருந்தாது. சி.டி. வகைக் கிளாம்ப் மாறும் மின்னோட்டத்தை மட்டுமே உணரும், நேர்மின்னோட்டத்துக்கு அது பூஜ்யம் காட்டும். சிலர் பரிந்துரைக்கும் வளையும் ரோகோவ்ஸ்கி கயிறும் அப்படியே. உங்களுக்குக் காந்தப்புலத்தையே நேராக உணரும் ஹால் விளைவுக் கிளாம்ப் வேண்டும். அது தன் மின்கலத்தைத் தின்னும், வெப்பம் மாறினால் பூஜ்யமும் நகரும். ஆகவே பம்பு ஓடாத அதிகாலையில் பூஜ்யம் சரிசெய்து தொடங்குங்கள். மாலையில் பம்பு நின்றபின் காட்டும் அளவையும் குறித்துக்கொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். முகில் நிழலுக்கு நிமிட இடைவெளி போதாது, ஐந்து நொடியாவது வேண்டும்.

கிணற்றடி

என் தேவை இன்னும் எளிது. கிணற்றில் தண்ணீர் வற்றும் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. ஒரு கிளாம்ப் போதுமா? அப்படியே அந்தப் பதிவை வைத்து எத்தனை யூனிட் ஆனது என்றும் கணக்குப் போட்டுவிடலாமா?

பஞ்சாலை ஃபோர்மேன்

முதல் கேள்விக்கு, போதும். இந்த வகைப் பம்புகளில் தண்ணீர் குறையக் குறைய ஆம்பியரும் இறங்கும். காற்றை இழுக்கத் தொடங்கினால் கோடு நடுங்கும். கிணறு ஊறும் வேகத்தையே அந்தக் கோட்டில் படிக்கலாம்.

இரண்டாவதற்கு, கூடாது. ஆம்பியர் மட்டும் யூனிட் ஆகாது. சுமையே இல்லாமல் சுற்றும் மோட்டார்கூட முழுச்சுமை ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கும். அதில் பெரும்பகுதி காந்தப்புலத்துக்குப் போகிறது, வேலையாக மாறுவதில்லை. பவர் ஃபேக்டர், அதாவது வேலையாக மாறும் பங்கு, அப்போது அடிமட்டத்தில் கிடக்கும். யூனிட் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் ஆம்பியரையும் ஒரே கணத்தில் பெருக்கிப் பதியும் பவர் லாகர் வேண்டும்.

தோப்புக்காரன்

பதிவு கிடைத்துவிட்டது. சொன்னபடி நான்கு வழி லாகர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மூன்று கிளாம்ப், நான்காவது வழியில் மின்னழுத்தம், நிமிடச் சராசரியும் உச்சமும் அடிமட்டமும். கருவியின் கடிகாரத்தை என் கைப்பேசியோடு ஒத்துவைத்துக்கொண்டேன்.

இரவு 10.05க்கு மோட்டார் புறப்பட்டது. முதல் அரைமணியில் சிவப்பு 12.7, மஞ்சள் 12.6, நீலம் 12.6. மின்னழுத்தம் 405 முதல் 412க்குள் இருந்தது. இரவு 12.20க்கு ரிலே விழுந்தது. விழுவதற்கு முந்தைய நிமிடத்தில் சிவப்பு 12.5, மஞ்சள் 13.0, நீலம் 12.4. புறப்பட்ட கணத்தை விட்டால், இரண்டு மணி நேரத்தில் எந்த முனையிலும் உச்சம் 13.1ஐத் தாண்டவில்லை. ரிலேயோ 14இல் இருக்கிறது.

அதிகமாக இழுத்து விழுகிறது என்று நினைத்திருந்தேன். இழுக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காயில்கட்டு

இந்த எண்களோடு என்னிடம் வந்திருந்தால் மோட்டாரைத் தூக்கச் சொல்ல மாட்டேன். சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் அரை ஆம்பியர் வித்தியாசத்தோடு நிற்காது. பெயர்ப்பலகை அளவுக்குள்ளேயே ஓடுகிறது. ரிலே கிழடாகிவிட்டது என்று தோன்றுகிறது. மாற்றிப் பாருங்கள்.

மின்தணிக்கை

காயில்கட்டு சொல்வதற்கு ஒரு துணைக்குறிப்பு. ஐ.இ.சி. 60947-4-1 என்னும் பன்னாட்டுத் தரப்படி, வெப்பவகை ரிலே தான் வைக்கப்பட்ட அளவின் 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.2 மடங்குக்கு ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். உங்களுடையது 0.93 மடங்கில் விழுகிறது. மோட்டார் மேல் இனி ஐயமில்லை. ரிலேயே கெட்டிருக்கலாம், அல்லது ரிலேக்கு வேறெங்கிருந்தோ சூடு வருகிறது.

பஞ்சாலை ஃபோர்மேன்

தம்பி, ரிலேயை மாற்றக் கை நீட்டும் முன் அந்த அரை ஆம்பியரைப் பாருங்கள்.

தொடக்கத்தில் மூன்று கோடும் ஒட்டிக்கொண்டு போகின்றன. இரண்டு மணி நேரத்தில் மஞ்சள் மேலே போய், மற்ற இரண்டும் சற்றுக் கீழே வருகின்றன. மின்னழுத்தம் அசையவில்லை. கிளாம்ப்பின் பிழை என்றால் தொடக்கத்திலேயே பிரிந்திருக்கும். உறுதிக்கு அடுத்த ஓட்டத்தில் மஞ்சள் கிளாம்ப்பையும் நீலக் கிளாம்ப்பையும் இடம் மாற்றி மாட்டுங்கள். ஏற்றம் மஞ்சள் கம்பியோடேயே இருந்தால் அது உண்மையான மாற்றம்.

ஓடி ஓடிச் சூடேறி வளரும் சமனின்மை என்றால் என் அனுபவத்தில் அது இணைப்பு. எங்கோ ஒரு முனையில் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முகப்பு கருகியிருக்கிறது. சூடேற ஏற அதன் தடை கூடுகிறது, தடை கூடக்கூட இன்னும் சூடாகிறது. அந்த இடம் ரிலேக்குப் பக்கத்தில் இருந்தால், சூடு செம்பு வழியாகவே ரிலேயின் ஈருலோகத் தகட்டுக்குப் போய் அதை வளைத்துவிடும். பெட்டி முழுவதும் சூடானால் அதைக் கழித்துக்கொள்ள நல்ல ரிலேயில் ஈடுசெய் தகடு உண்டு. ஒரு முனை மட்டும் திருகின் வழியாகச் சூடேறினால் அதைக் கழிக்க வழியில்லை. மின்னோட்டம் மிகுந்துவிட்டது என்று நம்பி விழுந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். ஏறியது மஞ்சள் என்பதால் கோளாறு மஞ்சளில் என்று முடிவு கட்டாதீர்கள். மும்முனை மோட்டாரில் ஒரு முனையில் தடை கூடினால், ஏற்றம் வேறொரு முனையில் தெரிவது வழக்கம். சுற்றும் காந்தப்புலம் மூன்றையும் பிணைத்து வைத்திருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி வோல்ட் இறக்கச் சோதனை. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியபின், எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்டார்ட்டருக்குள் வரும் சிவப்பிலும், மறுமுனையை ஸ்டார்ட்டரை விட்டுப் போகும் அதே சிவப்பிலும் வைக்க வேண்டும். பிறகு மஞ்சள், பிறகு நீலம். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். எங்கே முழு வோல்ட் தெரிகிறதோ அங்கே கோளாறு. உயிருள்ள, அதாவது மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும், பலகையில் செய்யும் வேலை இது. மீட்டரை உயர்ந்த வோல்ட் வீச்சில் வைத்துத் தொடங்கி, பிறகு கீழே இறக்க வேண்டும். தவறுதலாக வேறு முனையைத் தொட்டால் 415 வோல்ட் இருக்கிறது. ரப்பர் பாய், கையுறை இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டாம்.

மின்தணிக்கை

ஃபோர்மேன் ஐயா சொன்னதோடு, அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் தொடாமலே பார்க்கலாம். பளபளக்கும் செம்பையும் பித்தளையையும் நேராகக் குறிவைத்தால் குறைத்துக் காட்டும். திருகுக்கு ஒட்டியிருக்கும் கம்பியின் ரப்பர் உறையைக் குறிவையுங்கள், மூன்று முனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோப்புக்காரன்

கிளாம்ப்புகளை இடம் மாற்றியும் ஏற்றம் மஞ்சள் கம்பியோடேயே இருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் இரவில் வந்து, மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடியபின் சோதித்தார். மஞ்சளில் 0.05 வோல்ட், நீலத்தில் 0.04 வோல்ட், சிவப்பில் 2.9 வோல்ட்!

மெயினை அணைத்துத் திறந்து பார்த்தால், கான்டாக்டரிலிருந்து ரிலேக்குப் போகும் சிவப்பு முனையில் கம்பி உறை பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. லக் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) இல்லாமல் கம்பியை அப்படியே முறுக்கித் திருகுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். பாதி இழைகள் வெளியே இருந்தன. கான்டாக்டரின் சிவப்பு முகப்பும் குழி விழுந்திருந்தது.

2.9 வோல்ட் என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

மின்தணிக்கை

12.5 ஆம்பியரால் பெருக்குங்கள். 36 வாட். சாலிடர் அடிக்கும் இரும்பின் சூடு ஒரு திருகின் தலையில், ரிலேயின் வாசலில், மணிக்கணக்காக. அந்தச் சூடு சேர நேரம் எடுக்கும், அதனால்தான் முதல் மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை.

காயில்கட்டு

மிக்க மகிழ்ச்சி. ஃபோர்மேன் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். இணைப்பில் இல்லாமல் மோட்டாரிலேயே சமனின்மை இருந்தால் இந்தப் பதிவில் எப்படித் தெரியும்? எங்களிடம் வரும் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பஞ்சாலை ஃபோர்மேன்

மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஸ்டார்ட்டரில் ஒவ்வோர் இடம் நகர்த்தி மாட்ட வேண்டும். சிவப்பில் இருந்தது மஞ்சளுக்கு, மஞ்சளில் இருந்தது நீலத்துக்கு, நீலத்தில் இருந்தது சிவப்புக்கு. மூன்றையும் ஒருசேர நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் திசை திரும்பிவிடும், கவனம். பிறகு மறுபடி பதியுங்கள். அதிக ஆம்பியர் மோட்டார் கம்பியோடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாரிலோ கீழே போகும் கேபிளிலோ இருக்கிறது. அதே ஸ்டார்ட்டர் முனையில் நின்றுவிட்டால் குறை மேலே, ஸ்டார்ட்டரிலோ வரும் மின்சாரத்திலோ. மூன்று நிலையிலும் செய்து பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள். மோட்டாரைத் தூக்கச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்காரரும் இதைக் கேட்டால் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூலி மிஞ்சும்.

தோப்புக்காரன்

கான்டாக்டரை மாற்றி, எல்லா முனைகளிலும் லக் அடித்து முறுக்கியாயிற்று. ரிலே பழையதுதான், 14இலேயே இருக்கிறது. அன்றிரவே மீண்டும் பதிந்தோம். மோட்டார் நிற்காமல் விடியும்வரை ஓடியது. மூன்று கோடும் 12.6ஐ ஒட்டியே போகின்றன, இரண்டாவது மணி நேரத்திலும் பிரியவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று தெரிகிறது. இதுவரை அந்த நேரம்வரை மோட்டார் ஓடியதே இல்லை என்பதால் பார்க்க வாய்ப்பில்லை. அதிகாலை 3.15க்குப் பிறகு மூன்று கோடும் சேர்ந்து இறங்குகின்றன. 12.6லிருந்து 11.2 வரை. 4 மணிக்கு மேல் கோடு நடுங்குகிறது, நிமிட அடிமட்டம் 10.3 வரை போகிறது. மின்னழுத்தம் அப்போது 415க்கு மேல். ஃபோர்மேன் ஐயா கிணற்றடிக்குச் சொன்னது இதுதானா?

பஞ்சாலை ஃபோர்மேன்

அதுதான். கிணறு ஐந்து மணி நேரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதற்குமேல் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் தன்னைக் குளிர்விப்பதே சுற்றியோடும் தண்ணீரால்தான். இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் காயில்கட்டு முதலில் சொன்னது உண்மையாகிவிடும்.

கிணற்றடி

அப்படியென்றால் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் ரிலேயை எந்த ஆம்பியரில் வைக்க வேண்டும்? கடைக்காரர் ஓடும் ஆம்பியரில் எண்பது சதவீதம் என்று எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்கிறார்.

மின்தணிக்கை

தோப்புக்காரருக்கு எண்பது சதவீதம் என்றால் 10.1. அவருடைய பம்பு காற்றை இழுக்கும்போதுகூட 10.3க்குக் கீழே போகவில்லை. அந்த எண்ணில் வைத்தால் ரிலே ஒருபோதும் வேலை செய்யாது. அவர் பதிவைப் பார்த்தால் 11க்குப் பக்கத்தில் வைத்து, சில நொடித் தாமதமும் கொடுப்பது பொருந்தும். உங்கள் கிணற்றுக்கு உங்கள் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தண்ணீர் நிறைந்து ஓடும்போது ஓர் அளவு, வற்றி நடுங்கும்போது ஓர் அளவு, இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மின்னழுத்தம் இறங்கினால் ஆம்பியர் ஏறும். தண்ணீர் வற்றும் நேரமும் மின்னழுத்தம் தாழும் நேரமும் ஒன்றாக அமைந்தால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். உங்கள் ஊரில் மின்னழுத்தம் மிகவும் ஆடும் என்றால், ஆம்பியரை மட்டும் பார்க்கும் ரிலேயைவிட, இழுக்கும் வாட்டைப் பார்க்கும் வகை நம்பத்தக்கது.

தோப்புக்காரன்

இப்போதைக்கு டைமரை 3 மணிக்கு நிற்கும்படி வைத்திருக்கிறேன். மிச்சத் தோப்புக்குப் பகலில், கிணறு ஊறியபின் ஓட்டலாம் என்று எண்ணம். எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று அறிய, நண்பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஓட்டி, கோடு எப்போது இறங்கத் தொடங்குகிறது என்று பதியப்போகிறேன். லாகரின் வாடகை இந்த வாரம்வரை இருக்கிறது.

@கிணற்றடி, நீங்கள் பக்கத்து ஊர் என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் கிணற்றிலும் மாட்டிப் பார்த்துவிடலாம். தனிமடலில் எழுதுங்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனையும் அழைத்து வருகிறேன்.